பட்டினிக்கா கொடுத்தார்கள் நோபல்?

‘16 மணி நேரம் பட்டினி கிடங்க. செல்லில் இருக்கிற குப்பையெல்லாம் தானாக எரிஞ்சிடும். சர்க்கரை ஓடிடும், பார்க்கின்சன் அண்டாது. ஜப்பான்காரருக்கு இதுக்குத்தான் நோபல்!’

உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்குமே?

நோபல் நிஜம். 2016-ல் யோஷினோரி ஓசுமிக்குக் கொடுத்தார்கள். செல் தன் பாகங்களைத் தானே எப்படிச் செரித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்ததற்காக. ஆனால், அவர் பட்டினி போட்டது ஈஸ்ட்டை. உங்கள் மாமனாரை அல்ல.

குப்பை என்று இவர்கள் அதிகம் பயமுறுத்துவது, பழுதான மைட்டோகாண்ட்ரியாவைச் சொல்லித்தான். செல்லின் மின்சார நிலையம் அது. பழுதானதைச் செல் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? பிங்க்1 என்ற புரதத்தை ஓயாமல் தயாரித்து அதன் வாசலுக்கு அனுப்புகிறது. நல்ல மைட்டோகாண்ட்ரியா அதை உள்ளே இழுத்து வெட்டிப் போட்டுவிடும். பழுதானதற்கு இழுக்கத் தெம்பிருக்காது. பிங்க்1 வாசலிலேயே குவியும். பக்கத்து வீட்டு வாசலில் பால் பாக்கெட் மத்தியானம் வரை கிடந்தால் நமக்குச் சந்தேகம் வருமே, அதே கதைதான்!

உடனே பார்கின் என்ற இன்னொரு புரதம் ஓடிவந்து முத்திரை குத்தும். பழுதானதை மட்டும் அது தேடிப்போவதை 2008-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் யூல் குழுவினர் காட்டினார்கள். முத்திரை விழுந்ததை ஓர் உறை மூடி, செரிக்கக் கொண்டுபோகும். குத்திய முத்திரையை அழிக்க யுஎஸ்பி30 என்று ஒரு புரதமும் உண்டு!

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இது ஸ்டாக் எடுத்து, ஒவ்வொரு சரக்காகப் பார்த்துக் கழிக்கிற கணக்கு. பக்கெட் தண்ணி ஊற்றிக் கடை கழுவுகிற வேலை இல்லை.

இன்னொரு வேடிக்கை. 2011-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களைப் பட்டினி போட்டுப் பார்த்தன. மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாகித் தப்பித்துக்கொண்டன! பஞ்ச காலத்தில் மின் நிலையத்தை யார் சார் இடிப்பார்கள்?

பார்கின் மரபணு கெட்டால் இளவயதிலேயே பார்க்கின்சன் வரலாம் என்று 1998-லேயே தெரிந்தது. பிங்க்1-க்கும் அப்படியே என்று 2004-ல் தெரிந்தது. முத்திரை குத்துகிற ஆளே இல்லாத செல்லில், காலி வயிறு போய்க் குத்துமா?

விரதம் இருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எடை குறையலாம். ஆனால் இன்சுலின் போடுகிறவரும், சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடந்தால், சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுவார்கள். உயிருக்கே ஆபத்து. அப்போது ஃபார்வேர்ட் அனுப்பிய புண்ணியவானா ஆம்புலன்ஸில் கூட வருவார்?

ஒரு மைட்டோகாண்ட்ரியாவைக் கழிக்கவே செல் இத்தனை தடவை சரிபார்க்கிறது. அப்பாவின் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தியை நீங்கள் ஒரு தடவையாவது சரிபாருங்களேன்!