ஆசிரியரும் நாவுரிமையும்

நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கு உவமைகளை வகுத்தார் நன்னூல் செய்த பவணந்தியார். இவற்றுள் நிறைகோலே நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்கின்றது. நிறைகோலுக்கு நா உண்டு. அந்நாவைக் கட்டிவிட்டால் கோல் எதனை நிறுத்துக் காட்டும்?

இது வெறுஞ் சொல் விளையாட்டன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், உயர்நிலைப் பள்ளியொன்றின் ஆசிரியராயிருந்தார் மார்வின் பிக்கரிங் என்பார். பள்ளிக்கெனக் கடன் திரட்டவும் வரி உயர்த்தவும் நிர்வாகக் குழுவினர் ஊராரிடம் பன்முறை ஒப்புதல் வேண்டினர். 1964-ஆம் ஆண்டில் பிக்கரிங் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் வரைந்தார். பாடத்திற்காக வேண்டிய பொருள் விளையாட்டிற்கு மிகுதியாய்ச் செல்கின்றதென்றும், கடன் திட்டத்தை எதிர்த்துப் பேசாவண்ணம் ஆசிரியரைத் தடுக்க மேலதிகாரி முயன்றாரென்றும் அதில் குறை கூறினார். குழுவினர் அவரை வேலையினின்றும் நீக்கினர். மாநில உச்ச நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. 1968 ஜூன் 3-ஆம் நாளன்றோ நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது!

தீர்ப்பை எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல் செய்ததும் நிறுத்தலே. பொதுக் காரியத்தில் குடிமகனாக நின்று பேசும் ஆசிரியரின் உரிமையை ஒரு தட்டிலும், பள்ளி செவ்வனே நடைபெற வேண்டுமென்னும் நலனை மறு தட்டிலும் வைத்தார். பள்ளிப் பணம் செலவாகும் வகையை ஆசிரியரினும் நன்கறிந்தார் யாவர்? அவர் வாய் மூடின், ஊரார் எதனை அறிந்து வாக்களிப்பர்?

ஆயினும் அக்கடிதத்தில் பிழையான செய்திகளும் இருந்தன. அறிந்தே பொய்யுரைத்தார் என்றேனும், மெய்பொய் பாராது எழுதினார் என்றேனும் மெய்ப்பிக்கப்படாமையின், நீக்கியது தகாதென்றது நீதிமன்றம். சட்டத்திற்கு அது போதும்; நமக்குப் போதவில்லை. நம் விடைத்தாளில் ஓரிலக்கம் பிழைப்பினும் சிவப்பு மையால் சுழிக்கும் ஆசிரியர், தாம் அச்சேற்றும் கணக்கை இருமுறை பார்த்தல் வேண்டாவோ? வகுப்பறையோ முற்றும் வேறு. பத்திரிகை படிப்போன் மறுப்பெழுதலாம்; வருகைப் பதிவிற்கு அஞ்சி அமர்ந்திருக்கும் மாணவன் என் செய்வான்? அங்கே தம் கட்சியைப் பரப்பும் ஆசிரியருக்காக நாம் வாதாட முன்வரோம்.

குடிமக்களுக்குப் பொதுவாயுள்ள உரிமைகள் யாவும் ஆசிரியருக்கும் உண்டென 1966 அக்டோபர் 5-ஆம் நாள் பாரிஸ் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமன்று. 2006-ஆம் ஆண்டில், அரசு வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய வழக்கில், அதே அமெரிக்க நீதிமன்றம், அரசு ஊழியர் தம் அலுவலின் பகுதியாகக் கூறுவனவற்றிற்கு அரசியலமைப்பின் இக்காப்பு இல்லை என்றது. கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் அது பொருந்துமோ என்பதை அன்று முடிவு செய்யாது விட்டனர். அவ்வாறாயின், பள்ளிக் கூரை ஒழுகுவதைப் பத்திரிகைக்கு எழுதும் ஆசிரியர் காப்புறுவார். அதனையே தம் கடமையெனத் தலைமையாசிரியருக்கு முறைப்படி அறிவிப்பவர் காப்பிழப்பார் போலும்! இது என்ன நியாயமோ, நமக்கு விளங்கவில்லை. நம் விவாதக் கழகத்தார் ஒரு மாலை இதனை எடுத்துப் பேசுவாராயின், இரு தட்டிலும் ஏறி அமர ஆள் குறையாது.