ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயா?



தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் எங்கள் பகுதிப் பட்டாசுத் தொழிலாளர்கள் பலர் பெரிய டிவி வாங்குகிறார்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது இன்னும் தோதாகிவிட்டது. கடையில் மாதத் தவணையைச் சொல்வார்கள். கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் என் புகார் கடைக்காரர் மீதல்ல, வீட்டு மின்சாரத்துக்கான மானிய விதி மீது.

55 அங்குல டிவி ஏறத்தாழ 150 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினம் பத்து மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்தில் 90 யூனிட். பத்து மணி நேரமா என்று கேட்கலாம். தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களிலும், மழைக்காலத்திலும், எங்காவது வெடி விபத்து நடந்து ஆய்வுக்குப் பயந்து ஆலைகளை மூடும்போதும் குடும்பமே வேலையின்றி வீட்டில்தான் இருக்கிறது. வருமானம் நின்ற மாதத்தில்தான் டிவி அதிகம் ஓடுகிறது.

ஓடிய மின்சாரத்துக்குக் காசு கொடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. சிக்கல் 500 யூனிட்டில் இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 2022 செப்டம்பர் கட்டணப்படி 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி மானியம். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டாதவர்களுக்கு மட்டும். அந்தக் கட்டணப்படி 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஓடியிருந்தால் 1,958. கடைசி ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதில் 8 ரூபாய்தான் அந்த யூனிட்டுக்கு உரியது. மீதி 225, எப்போதோ ஓடி முடிந்த யூனிட்டுகளுக்குக் கொடுத்த சலுகையைத் திரும்பப் பிடுங்குவது. 2024 ஜூலையில் கட்டணம் மறுபடி ஏறிய பிறகும் இந்த விதி மாறவில்லை.

445 யூனிட் ஓடிக்கொண்டிருந்த வீட்டில் சின்ன டிவியை மாற்றிப் பெரியது வைத்ததால் 60 யூனிட் கூடுகிறது என்று வையுங்கள். அதே 2022 கட்டணப்படி 1,395 ரூபாய் பில் 1,990 ஆகிறது. கூடுதலான 595-இல் 225 ரூபாய் டிவி தின்ற மின்சாரமல்ல, கோட்டைத் தாண்டியதற்கான அபராதம்.

500-ஐத் தாண்டுகிறவர்கள் வசதியானவர்கள்தானே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். எங்கள் கிராமங்களில் ஒரே மீட்டரில் பெற்றோர், கல்யாணமான இரண்டு மகன்கள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. ஃபேன், கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான் ஏறும். டிவியை ஆடம்பரம் என்று ஒதுக்கவும் முடியாது. 2006-இல் வீடுவீடாக இலவச வண்ண டிவி கொடுக்கத் தொடங்கியதும் இதே தமிழக அரசுதான். உண்மையில் வசதி படைத்தவர்கள் 600, 800, 1,000 யூனிட் என்று போகப் போகக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். சிக்கனத்துக்கான தூண்டுதல் அந்த விலை ஏற்றத்திலேயே இருக்கிறது. அவர்களுக்கு 225 ரூபாய் கண்ணில் படாது. ஐந்து, பத்து யூனிட்டில் கோட்டைத் தாண்டும் கூலித் தொழிலாளிக்குத்தான் அது வலிக்கிறது.

அவருக்கு முன்கூட்டித் தெரியவும் வழியில்லை. ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதந்தோறும் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அதற்கு ஆள் வேண்டும், ஸ்மார்ட் மீட்டர் வேண்டும் என்று காரணம் சொல்லலாம். நான் கேட்பதற்கு அது எதுவும் தேவையில்லை. முதல் 100 யூனிட் இலவசம் எல்லோருக்கும் இருப்பதுபோல, 101 முதல் 200 வரையிலான சலுகையும் 500-ஐத் தாண்டியவர்களுக்குத் தொடர வேண்டும். மானியம் அரசு கொடுப்பது. ஓர் அரசாணை போதும். எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், அடுத்த மின்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் இதை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெம்பக்கோட்டை, விருதுநகர் மாவட்டம்.