அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுப்பது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்களில் பலர் முதல் நாளே யூடியூப் தளத்திற்குச் செல்கிறார்கள். ஒரு பாட்டைத் தேடிக் கேட்கிறார்கள். அது முடிந்ததும் அடுத்த பாட்டு தானாகவே வருகிறது. வசதிதான். ஆனால் அந்த அடுத்த பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார்?

இந்தக் கேள்வி ரேடியோ காலத்திலேயே எழுந்த ஒன்று. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமா பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் சினிமா பாட்டுகள் வெகுவாகக் குறைந்தன. மக்கள் சும்மா இருக்கவில்லை. ரேடியோவின் குமிழைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த இலங்கை வானொலி, இந்தி, தமிழ் சினிமா பாட்டுகளைத் தாராளமாக ஒலிபரப்பியது. அதே ஆண்டு அங்கே அமீன் சயானி தொடங்கிய 'பினாகா கீத்மாலா' வட இந்தியாவையே கட்டிப் போட்டது. கடைசியில் அரசு இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதி பிறந்தது.

அடுத்து 2011-க்கு வருவோம். தனுஷ் பாடிய 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டின் அரைகுறைப் பதிவு இன்டர்நெட்டில் கசிந்தது. உடனே நவம்பர் 16 அன்று பாட்டு யூடியூபில் முறைப்படி வெளியானது. '3' படம் தியேட்டருக்கு வந்தது 2012 மார்ச் 30-ல்தான். அதற்குள் தமிழ் தெரியாதவர்களும் அந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள். இனி இடையில் அமைச்சரும் இல்லை, வானொலி நிலையமும் இல்லை. எது ஹிட் என்பதை மக்களே முடிவு செய்வார்கள் என்று தோன்றியது.

ஆனால் இடையில் ஒரு புரோகிராம் வந்து உட்கார்ந்துவிட்டது. 2012-ல் யூடியூப் தன் பரிந்துரை முறையை மாற்றியது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது முக்கியமானது. தளத்தில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் பரிந்துரைகளால் வருகிறது என்று 2018-ல் அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே கூறினார்.

சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புரோகிராமுக்கு ரசனை கிடையாது. கொடுத்த இலக்கை அடையப் பார்க்கும், அவ்வளவுதான். நீங்கள் தளத்தை விட்டுப் போகாமல் இருப்பதே இலக்கு என்றால், நேற்று கேட்டதைப் போன்றதையும், பலர் ஏற்கெனவே கேட்டதையுமே அது முன்னால் வைக்கும். பெயர் தெரியாத நல்ல பாடகரைச் சில நேரம் அது அறிமுகம் செய்வதும் உண்மைதான். ஆனால் தெருக்கூத்துப் பாட்டும், நாதஸ்வரக் கச்சேரியும், பழைய நாடகப் பாட்டும் அதே தளத்தில் இருந்தாலும், தேடாதவர் கண்ணில் படுவது அபூர்வம். அன்று பாட்டை நிறுத்தியபோது மக்களுக்கு அது தெரிந்தது. வேறு நிலையத்தைத் தேடினார்கள். இன்று எதுவும் நிறுத்தப்படவில்லை. அதனால் தேட வேண்டும் என்றே தோன்றுவதில்லை. இதுதான் பெரிய ஆபத்து.

இதற்காக யூடியூபை மூட வேண்டியதில்லை. வீடியோவின் கீழே உள்ள 'ஆட்டோபிளே' சுவிட்சை ஆஃப் செய்திடுங்கள். 'ஹிஸ்டரி' பக்கத்தில் பார்த்தவற்றின் பட்டியலை அழிக்கலாம். இனி சேராமல் நிறுத்தியும் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடும் கட்டத்தில் வாரம் ஒரு முறையாவது இதுவரை கேட்டிராத ஒன்றை டைப் செய்யுங்கள். தமிழிலேயே டைப் செய்யலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்கிறார்கள் என்பதை ஒரு புரோகிராமிடம் மட்டும் விட்டுவிட வேண்டாம். அன்றைய ரேடியோ குமிழ், இன்று உங்கள் மவுஸ்.