கழற்றுமுன் அளந்து பாருங்கள்

சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை விக்கிரவாண்டியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருச்சிக்கும், மற்றொன்று கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கும் செல்கிறது. இச்சாலையோர ஊர் ஒன்றில் கோயில் திருவிழா; மேடையில் மெல்லிசைக் கச்சேரி. பாட்டின் நடுவே மின்கிடார் திடீரென்று ஊமையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்கிறோம்? தட்டுகிறோம், ஆட்டிப் பார்க்கிறோம். மறுநாள், "உள்ளே இருப்பது எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்கிறோம். இது தவறான பழக்கம் என்பது என் கருத்து. பழுது பார்ப்பது என்றால் முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்பது. உறுப்பை மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

மாணவர்களே, கிடாருக்குள் இருப்பது உங்கள் இயற்பியல் பாடமே. 1831-ஆம் ஆண்டு ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அது. காந்தத்தின் மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பியில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. இந்த உறுப்புக்குப் 'பிக்கப்' என்று பெயர். வீணையில் ஒலியைப் பெருக்குவது குடம். உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக இசை வாசித்த மின்மாண்டலினில் அந்த வேலையைச் செய்தது ஆம்ப்ளிஃபயர்.

கிப்ஸன் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ஈ.எஸ். 335 கிடாரின் உடலில் நடுவே திண்மையான மரக்கட்டை, இருபுறமும் வெற்றறைகள். முழுதும் வெற்றறையாக இருந்தால், ஒலிபெருக்கியின் ஓசையே உடலை அதிரச் செய்து ஊளையிட வைக்கும். நடுக்கட்டை அதைக் குறைக்கிறது. ஆனால் பழுது பார்ப்பவருக்கு ஒரு தொல்லை: இவ்வகைக் கிடார்கள் பலவற்றில் பின்புறம் மூடி இல்லை. உள்ளுறுப்புகளை எல்லாம் முன்புறமுள்ள 'எஃப்' வடிவத் துளை வழியாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஆகவே கழற்றுமுன் அளப்பது இங்கே மிகவும் அவசியம்.

அளப்பது எப்படி? முதலில் கேபிளைத் தனியே சோதியுங்கள். அது நன்றாக இருந்தால் கிடாரில் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்து, ஒலிக் குமிழை முழுதும் திருப்புங்கள். மீட்டர் 8 கிலோ ஓம் அளவில் காட்டினால் சுற்று சரி. 500 கிலோ ஓம் காட்டினால் பிக்கப் அறுந்திருக்கிறது. மீட்டர் காண்பது ஒலிக் குமிழின் மின்தடையை மட்டுமே. எதுவும் காட்டாவிட்டால் தேர்வுச் சாவியிலோ, வெளிவரும் கம்பியிலோ, ஜாக்கிலோ தொடர்பு விட்டிருக்கிறது. சுழி என்றால் எங்கோ குறுக்குச் சுற்று. ஒரு திருகைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடுகிறது!

பல நேரங்களில் குற்றவாளி ஜாக்கின் நட்டுதான். அது தளர்ந்தால் ஒவ்வொரு முறை செருகும்போதும் ஜாக் சுழன்று, கம்பி முறுக்கி அறுந்துவிடும். உறுப்புகளை வெளியே எடுக்க வேண்டியிருந்தால், ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். திரும்ப அதனதன் துளைக்கு இழுத்துவர அந்நூலே வழிகாட்டி.

ஓர் எச்சரிக்கை. பேட்டரி இல்லாத இவ்வகைக் கிடாருக்குள் ஆபத்தான மின்சாரம் இல்லை. ஆம்ப்ளிஃபயருக்குள் 230 வோல்ட் இருக்கிறது. அதைத் திறக்காதீர்கள். அதன் நில இணைப்பையும் துண்டிக்காதீர்கள். கிடாரின் தந்திகள் அதனோடு இணைந்திருப்பதால், பழுது ஏற்பட்டால் வாசிப்பவர் உயிருக்கே ஆபத்து.

"எங்களிடம் கிடார் இல்லையே" என்பீர்கள். மேசை விளக்கும் பழைய வானொலியும் இருக்கின்றனவே! நம் பள்ளி ஆய்வகங்களில் ஒழுங்காக இயங்கும் கருவிகளையே மாணவர் கையில் தருகிறோம். விடை தெரிந்த சோதனையையே திரும்பச் செய்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பழுதான கருவி ஒன்றையும், ஒரு மல்டிமீட்டரையும் மேசைமேல் வைத்து, "காரணம் என்ன?" என்று கேட்க வேண்டும். சரி செய்ததற்கு மட்டுமன்றி, காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடித்ததற்கும் மதிப்பெண் தர வேண்டும். ஓமின் விதி அப்போதுதான் தேர்வுத்தாளை விட்டு நம் கைக்கு வரும்.