விரலுக்கேற்ற வீக்கமா, தொட்டிக்கேற்ற மீனா?

நவீனத் தமிழ்க் கவிதையில் மிக அதிகமாகப் பயன்பட்டுத் தேய்ந்துபோன உயிர்களுள் கண்ணாடித் தொட்டி மீனும் ஒன்று. தனிமைக்கு அதுவே படிமம். நகர வாழ்வின் இறுக்கத்துக்கும் அதுவே. ஆனால் அந்தத் தொட்டி எத்தனை அடி நீளம், உள்ளே இருப்பது எந்த மீன் என்று கேட்ட கவிதை எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. படிமத்துக்கு அளவு தேவையில்லை. மீனுக்குத் தேவை. நுண்ணுணர்வைப் பற்றி ஓயாது பேசும் நம் போன்றோர் வீடுகளிலேயே இரண்டடித் தொட்டிக்குள் ஓர் ஆஸ்கார் மீன் திரும்ப இடமின்றித் தவிப்பதைக் காண்கையில், இதை எழுதுவது அவசியமென்று படுகிறது.

முதலில் உடைக்கப்பட வேண்டியது, 'மீன் தொட்டியின் அளவுக்குத்தான் வளரும்' என்ற பொய். விரலுக்கேற்ற வீக்கம் என்ற பழமொழியை மீனின் உடலுக்குப் பொருத்திப் பார்க்கும் இந்த நம்பிக்கை விற்பவருக்கு வசதி, வாங்குபவருக்கு ஆறுதல். அமேசான் படுகையைச் சேர்ந்த ஆஸ்கார், கடையில் இரண்டு அங்குலக் குஞ்சாக விற்கப்படுகிறது. நல்ல பராமரிப்பில் ஓரிரு ஆண்டுகளில் ஓர் அடியை எட்டிவிடும். வெள்ளி அரோவானா மூன்றடி வரை வளரக்கூடியது. செவ்வால் கெளுத்தி ஒரு மீட்டரையும் தாண்டும். சிறு தொட்டியில் இவை வளராமல் நிற்குமானால், கழிவு தேங்கிய நீரும் இடநெருக்கடியும் அவற்றின் உடலைக் குன்றச் செய்துவிட்டன என்று பொருள். முதுகெலும்பு வளைந்து குறுகிய அந்த உடலைப் பார்த்து, தொட்டிக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது என்று வியப்பது அறியாமை மட்டுமன்று, கொடூரமும்கூட.

இரண்டாவது பொய், 'ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் நீர்' என்ற கணக்கு. விரற்கடை அளவுள்ள சிறு மீன்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பெரிய மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது. நீளம் இருமடங்கானால் உடல் நிறை ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. பன்னிரண்டு மடங்கானால் ஆயிரத்து எழுநூறு மடங்கைத் தாண்டுகிறது. ஓரடி ஆஸ்காரும் பன்னிரண்டு ஓரங்குல மீன்களும் சமம் என்பது, யானையும் அதே நீளத்துக்கு வரிசையாக நிற்கும் எலிகளும் ஒரே அளவு உண்ணும் என்பதைப் போன்றது. உண்பதற்கேற்பவே கழிவு. அக்கழிவு அம்மோனியாவாகிறது. அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறப் பல வாரங்கள் ஆகும். காலையில் தொட்டியும் மாலையில் மீனும் வாங்குபவர், அந்த மீனை அதன் கழிவிலேயே நனைத்துக் கொல்கிறார்.

எனில் எது போதும்? நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியில் சுமார் 255 லிட்டர் நீர் பிடிக்கும். ஒற்றை ஆஸ்காருக்கு அது குறைந்தபட்சம். துணை மீன்கள் வேண்டுமென்றால் ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 680 லிட்டர் அளவிலிருந்து யோசிக்கத் தொடங்கலாம். அந்த நீரின் எடை மட்டுமே 680 கிலோ. அடுக்குமாடித் தளம் தாங்குமா என்று முதலில் கேட்டறிய வேண்டும். அரோவானாவுக்கு நீளத்தினும் அகலமே முக்கியம், ஏனெனில் அது உடலை மடக்கித் திரும்ப வேண்டும். எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் கேட்கும் மீன் அது. நீருக்கு மேலே தாவி இரை பிடிக்கும் இயல்புடையதால் கனத்த மூடியும் வேண்டும். செவ்வால் கெளுத்திக்கு வீட்டில் இடமே இல்லை.

அடுத்தது, யாரை யாரோடு வைப்பது என்பது. 'இது மூர்க்கமான மீன்' என்று நாம் எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறோம். பவளப்பாறை மீன்களையும் சிக்லிட்களையும் கூர்ந்து நோக்கிய கொன்ராட் லோரென்ஸ், 1963இல் வெளியிட்ட நூலில், விலங்கின் ஆவேசம் பெரிதும் தன் இனத்தின் மீதே பாய்கிறது என்று வாதிட்டார். இடம், இணை, இரை ஆகிய மூன்றிலும் போட்டி தன்னைப் போன்றவனோடுதான். ஆற்றில் தோற்ற மீன் ஓடிவிடும், சண்டை முடிந்துவிடும். தொட்டியில் ஓட இடமில்லை. ஆகவே சண்டை கொலையில் முடிகிறது. நாம் மீனின் குணம் என்று பழிப்பதில் ஒரு பாதி கண்ணாடிச் சுவரின் குணம்.

இதிலிருந்து சில விதிகள் பெறப்படுகின்றன. வாய்க்குள் அடங்குவது எதுவும் துணையன்று, இரை. ஆஸ்காரோடு நியான் டெட்ரா விடுபவர் அதற்கு உணவிடுகிறார். உருவிலும் நிறத்திலும் ஒத்த மீன்களைத் தவிர்க்க வேண்டும். பெரிய தொட்டியில் ஆஸ்காரோடு சில்வர் டாலர் போன்ற அகன்ற உடலும் வேகமும் கொண்ட கூட்ட மீன்கள் ஒத்துவாழும். எல்லை பிடிக்கும் மீனைக் கடைசியில் விட வேண்டும்; புதியது வரும்போது கற்களை இடம் மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் குலையும். 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்டு, வாஸ்து மீன் என்ற பெயரில் நம் வரவேற்பறைகளுக்கு வந்த ஃபிளவர்ஹார்னுக்குத் துணையே கூடாது. அதற்குத் திரும்பிச் செல்ல ஓர் ஆறுகூட இவ்வுலகில் இல்லை. நெற்றிப் புடைப்பில் அதிர்ஷ்டத்தைத் தேடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

மனிதர்கள் ஓரறையில் நெருங்கி வாழும் நகரத்தில் மீனுக்கு எட்டடியா என்று கேட்கப்படும். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் ஓரறைக்கு மனிதனைத் தள்ளுவது வறுமை. இரண்டடிக்கு அரோவானாவைத் தள்ளுவது பகட்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இடமும் பணமும் இல்லாதவர் கப்பி, மோலி போன்ற சிறு மீன்களை வளர்க்கலாம். அவற்றின் அழகில் எக்குறையும் இல்லை. கொளத்தூர்ச் சந்தையை நம்பி வாழும் குடும்பங்களுக்கு எதிரானதும் அன்று நம் வாதம். குஞ்சை விற்கும்போது அதன் முழு வளர்ச்சியையும் சொல்லி விற்றால், அவர்களிடம் திரும்பி வரும் வாடிக்கையாளர்கள் கூடவே செய்வர்.

தொட்டியை மீறி வளர்ந்த மீன் இறுதியில் எங்கே போகிறது? 'உயிரைக் கொல்ல மனமில்லை' என்று அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கருணை இன்னும் ஆபத்தானது. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்பட்ட தென்னமெரிக்கச் சக்கர் மீன் இன்று சென்னை நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளை நிரப்புகிறது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் சாலக்குடி ஆற்றில் அராப்பைமா பிடிபட்டது. 2023இல் வட அமெரிக்க முதலைக்கார் மீன் காஷ்மீரின் தால் ஏரியில் கிடைத்தது. ஒரு வரவேற்பறையின் தவறான கணக்குக்கு ஓர் ஏரியின் கெண்டையும் கெளுத்தியும் விலை கொடுக்கின்றன.

ஆகவே, மீன் வாங்கச் செல்லும் நண்பர்களே, குஞ்சின் நிறத்தைப் பார்க்கும் முன் அது முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். விடை உங்கள் சுவரின் நீளத்தை மீறுமானால் வெறுங்கையோடு திரும்புங்கள்.