ஏரிக்கரைத் தெருக்கள்



கல்கத்தாவில் குடியிருந்த தமிழர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், சீக்கிரமே லேக் மார்க்கெட் வந்துவிடும். வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி என்று ஊர்ச் சாமான் எல்லாம் கிடைத்த இடம். மாலையில் காலாற நடக்கப் பக்கத்திலேயே ஏரி. கம்பெனிகளில் ஸ்டெனோகிராபர்களாகவும் கணக்கர்களாகவும் வேலைக்குப் போனவர்கள் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய தெருக்களில் போர்ஷன் பிடித்துக் குடும்பம் நடத்தினார்கள்.

அந்தத் தெருக்கள் உருவான கதை எனக்கு மிகவும் பிடிக்கும். வட கல்கத்தாவின் நெரிசலும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பிளேக்கும் அரசாங்கத்தை யோசிக்க வைத்தன. 1912இல் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. தெற்கே சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1920களில் தாகுரியா ஏரியை வெட்டினார்கள். வெட்டிய மண் சுற்றியிருந்த பள்ளங்களை மேடாக்கி மனைகளாக்கியது. 1958இல் ஏரிக்கு ரவீந்திர சரோவர் என்று பெயரிட்டார்கள்.

மனை வாங்கியவர்கள் ராஜாக்களோ ஜமீன்தார்களோ அல்ல. வக்கீல்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள். ஆளுக்கொரு ரசனையோடு கட்டிக்கொண்டார்கள். அரைவட்டமாக வளைந்த பால்கனி, சூரியக் கதிர்போல விரியும் கிரில், சாய்ந்த பலகைகள் வைத்த பச்சை ஜன்னல், வழுவழுவென்ற சிவப்புத் தரை. வாசலில் ‘ரொவாக்’ என்னும் திண்ணை. அரட்டைக்காகவே கட்டியது போலிருக்கும். ஒரு வீட்டைப் போல இன்னொன்று இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே குடும்பத்துச் சாயலில் இருக்கும். மொழியியல் அறிஞர் சுநீதிகுமார் சாட்டர்ஜியின் ‘சுதர்மா’ வீடு ஹிந்துஸ்தான் பார்க் பகுதியில் இன்றும் நிற்கிறது. இப்போது அதில் ஃபேப்இந்தியா கடை.

எல்லா வீடுகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நிழலான தெரு, மெட்ரோ, மார்க்கெட், ஏரிக்காற்று எல்லாம் இருப்பதால் இங்கே ஃபிளாட் வாங்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். வீட்டுக்குப் பங்காளிகள் பலர், பாதிப்பேர் வெளிநாட்டில். கூரை ஒழுகினால் செலவை யார் ஏற்பது? வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும் புரமோட்டர் வந்து ஆளுக்கொரு ஃபிளாட் என்று சொன்னதும் கையெழுத்தாகிவிடுகிறது. பங்காளிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டம் அவர்களுக்கு வேறு வழியைக் காட்ட வேண்டும்.

2015இல் எழுத்தாளர் அமித் சௌதுரி தொடங்கிய இயக்கம் அதைத்தான் கேட்டது. பிரபலங்கள் பிறந்த வீட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது, தெருவையே காப்பாற்றுங்கள் என்றார். அதற்கு ஒரு வழியும் சொன்னார்: வீட்டை இடிக்காமல் வைத்திருப்பவர், தன் மனையில் கூடுதலாகக் கட்டக்கூடிய பரப்புக்கான உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். அந்தப் பணத்தில் வீட்டைப் பழுது பார்க்கலாம். நியாயமான யோசனை. மும்பையின் மரைன் டிரைவ் வரிசையில் உள்ள ஆர்ட் டெக்கோ கட்டடங்களுக்கு 2018இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்துவிட்டது. ஆனால் அதே காலத்து ரசனையில் பிறந்த கல்கத்தா வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தத் தெருக்களில் நீங்களோ உங்கள் பெற்றோரோ குடியிருந்திருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த மாடி, வாடகை எவ்வளவு, வீட்டுக்காரர்களோடு உறவு எப்படி என்று ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். வாசலிலோ மொட்டைமாடியிலோ எடுத்த பழைய போட்டோ இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். ஆட்களுக்குப் பின்னால் வீடு கொஞ்சமாவது தெரிந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்