மண்வெட்டி பிடித்த கை எழுதிய கட்டுரை

கட்டுரை எழுதுவது படித்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 1977 கடைசியில் சீனாவில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

1966 முதல் அங்கே கல்லூரி நுழைவுப் பரீட்சை நின்று போயிருந்தது. பிறகு சில வருஷம், வேலைத்தலத்தில் சிபாரிசு பெற்றவருக்குத்தான் கல்லூரி. சிபாரிசு என்றால் என்ன நடக்கும் என்பதைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டுமா? 1977-ல் பரீட்சை திரும்பியது. வயலிலிருந்தும் ஆலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் சுமார் 57 லட்சம் பேர் வந்து எழுதினார்கள். இடம் கிடைத்ததோ சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு. படிக்கச் சில வாரங்களே அவகாசம். புத்தகம் கிடைப்பதே அரிது.

பீக்கிங்கில் கொடுத்த தலைப்பு, போராட்டம் மிகுந்த அந்த ஓராண்டில் 'நான்' என்ன செய்தேன் என்பது. நல்ல தலைப்பு! மனப்பாடக்காரன் இங்கே திணறுவான். வாய்க்கால் வெட்டியவனுக்கும், மில்லில் அறுந்த இழையை முடிந்தவளுக்கும் விஷயம் கையிலேயே இருக்கிறது. எத்தனை கூடை மண், கரை உடைந்த இரவில் யார் யார் ஓடி வந்தார்கள் என்று எழுதினால் போதும். அதை எந்த டியூஷனிலும் விலைக்கு வாங்க முடியாது.

இன்றைக்கும் அந்தப் பரீட்சை நடக்கிறது. 2024-ல் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். மொழித்தாளுக்கு 150 நிமிஷம், 150 மார்க்; அதில் கட்டுரைக்கு மட்டும் 60. எண்ணூறு எழுத்துக்குக் குறையக்கூடாது. எனவே நேரத்தைக் கூலிக்கணக்குப் போலக் கறாராகப் பிரிக்க வேண்டும். கட்டுரைக்கென்று 50 நிமிஷமாவது மிச்சம் வைக்க வேண்டும். அதில் முதல் 5 நிமிஷம் எழுதவே கூடாது. கேள்வி எதைக் கேட்கிறது, நம் கட்சி எது, எதைச் சான்றாக வைப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். (இதைச் செய்யாமல் பாய்கிறவர்கள்தான் நடுவழியில் தலைப்பை விட்டு விலகி மார்க்கைத் தொலைக்கிறார்கள்.) கண்ணால் கண்ட சான்று ஒன்று, கேள்விப்பட்ட பத்துக்குச் சமம். கடைசி 5 நிமிஷம் எழுத்துப் பிழை பார்க்க வேண்டும். பிழைக்கும் மார்க் போகும்.

ஆனால் ஒன்று. இடங்கள் மாகாணவாரியாகப் பங்கிடப்படுகின்றன. பீக்கிங், ஷாங்காய் பிள்ளைக்குப் பெரிய சர்வகலாசாலையில் நுழைவது சுலபம். ஹெனான் விவசாயியின் மகள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் நெரிசலில் நிற்கிறாள். அவள் கட்டுரையில் குறையில்லை. பங்கீட்டைத்தான் சர்க்கார் திருத்த வேண்டும்.